ஒரே பாட்டுக்கு இரண்டு எண்கள்

இந்த மாத இறுதியோடு நான் வேலையிலிருந்து விலகுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் பயன்படும்படி 'பணி அனுபவங்கள்' எழுதித் தருமாறு மேலாளர் கேட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வயதில் அனுபவம் எழுத உட்காருவது எனக்கே சற்று அதிகப்படியாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த அலுவலகத்துக்குக் கணினி வந்த வாரம்தான் நானும் வந்தேன். அதற்கு முன்னால் இங்கே யாரும் கணினியை வைத்துத் தவறு செய்ததில்லை. அந்த வகையில் உங்களுக்கு மூத்தவள் நான்தான்.

இயந்திரத்தை எப்படி இயக்குவது, எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் பச்சைக் கோப்பில் இருக்கிறது. இருபத்து மூன்று படிகள். நான் எழுதியவை. அவற்றைப் படித்துக்கொள்ளுங்கள். அந்த இருபத்து மூன்றையும் ஒழுங்காகப் பின்பற்றிய ஒருவருக்கு ஏறக்குறைய வேலை போன கதையை இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது நிறுவனத்தின் தொழில் எளிமையாக இருந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் நாள் முழுவதும் பாட்டு ஓட வேண்டும். நாங்கள் இசைத்தட்டுகளிலிருந்தும் கேசட்டுகளிலிருந்தும் பாட்டுகளை எடுத்து டேப்பில் பதிவு செய்து, வாரம் ஒரு முறை கொண்டுபோய்க் கொடுப்போம். தொல்லை ஒன்றுதான். பழைய பாட்டு முணுமுணுக்கும், அதற்கு அடுத்து வரும் புதுப் பாட்டு கத்தும். கடையில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைத் தீர்க்கத்தான் கணினி. நான் எழுதிய நிரல் டேப்பில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் முழுவதும் அளந்து அதற்கு ஓர் எண் கொடுக்கும். எண் பெரிதானால் பாட்டின் சத்தம் பெரிது என்று பொருள். கடையில் நாங்கள் வைத்திருக்கும் பாட்டுப் பெட்டி அந்த எண்களைப் பார்த்து, பெரிய எண் பாட்டைத் தானே தணிக்கும், சின்ன எண் பாட்டைத் தானே உயர்த்தும். யாரும் எழுந்துபோக வேண்டியதில்லை. "கம்ப்யூட்டருக்குத் தப்பே வராது முதலாளி" என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லி விற்றார். நானும் மறுக்கவில்லை. பாலிடெக்னிக்கிலிருந்து வெளியே வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எதை அளப்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். எங்கள் அளவுகோலுக்கு டோன் என்று பெயர். ஏற்ற இறக்கம் இல்லாமல் அரை நிமிடம் ஒலிக்கும் 'பீப்' சத்தம், அவ்வளவுதான். டேப்பைத் தயாரிப்பவர் அதையும் டேப்பில் பதிந்துவிட வேண்டும். நிரல் அந்த டோனை நூறாக வைத்துக்கொண்டு, பாட்டுகள் அதற்கு எத்தனை என்று கணக்கிடும்.

டேப் தயாரிப்பவர்கள் இரண்டு பேர். காலையில் ஆரோக்கியம் அண்ணன். பிற்பகலில் சரோஜாக்கா. அண்ணன் இளமையில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே சுத்தியல் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. ஆனால் பாட்டில் அவருக்கு இருந்த ஞானம் எங்கள் யாருக்கும் கிடையாது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வரலாம், எது வரக்கூடாது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். சரோஜாக்கா அதிகம் பேசமாட்டார். எட்டு வருடத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்பதை மட்டும் அடிக்கடி சொல்வார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிராங்கூன் சாலையில் மூன்று தளம் வைத்திருந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளி தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் பாட்டுன்னு சொல்லிக் குடுத்தீங்க. காலையில எம் பொண்ணு சேலையை விரிச்சு வெலை சொல்லுது, வாங்க வந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டு 'என்ன, என்ன'ங்குறாங்க. திருவிழா ரேடியோ மாதிரி அலறுது லா!"

"எல்லா நாளும் அப்படியா முதலாளி?"

"சில நாள் கேக்கவே மாட்டேங்குது. அன்னைக்கு நம்ம பையங்க கூட்டி வச்சுடுறாங்க. அலறுற நாள்தான் தொல்லை. தீபாவளிக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க."

இதில் இரண்டு புகார் இருந்தது. நான் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டேன். கேட்காத பாட்டைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை. அது பிழையாகவே கணக்கில் வருவதில்லை.

முறையாகத்தான் தேட ஆரம்பித்தேன். இருவருடைய டேப்பிலும் இருந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதே இசைத்தட்டு, அதே ஊசி, அதே இயந்திரம். சரோஜாக்காவின் டேப்பில் அதன் எண் அறுபத்து நான்கு. அண்ணனின் டேப்பில் முப்பத்தெட்டு. அண்ணனின் இன்னொரு டேப்பில் நாற்பத்தாறு. வேறொன்றில் நாற்பத்தொன்று. சரோஜாக்காவின் எல்லா டேப்பிலும் அறுபத்து நான்கு, இல்லையென்றால் அறுபத்து மூன்று.

ஒரு தாளில் காரணங்களை வரிசையாக எழுதினேன். கம்பி, இணைப்பு, டேப்பைப் படிக்கும் தலையில் அழுக்கு, மின்னழுத்தம், குளிர்சாதனம், டேப்பின் தரம், இயந்திரப் பட்டையின் தளர்ச்சி, இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துக்கொண்டே வந்தேன். மூன்று நாளில் பத்து காரணங்கள் அடிபட்டன. பதினோராவதாக நான் எழுதியிருந்தது: இயக்குபவர்.

சரோஜாக்காவின் எண்கள் அசையவில்லை. ஆகவே அவை சரி. அண்ணனின் எண்கள் ஆடின. ஆகவே அவை தவறு. இதை நான் எழுதிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு இயல்பாக மனத்தில் விழுந்தது. மாறாமல் இருக்கும் தவறுக்கு நம் தொழிலில் தனி மரியாதை உண்டு. அதை எழுந்து நின்று வரவேற்போம்.

மேலாளருக்கு இரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன். அட்டவணை, தேதி, டேப் எண் எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'மாறுகின்ற ஒரே காரணி இயக்குபவர்.' யாருடைய பெயரையும் எழுதவில்லை. பெயர் எழுதாதது என் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அட்டவணையே பெயரைச் சொல்லிவிடும்.

மேலாளர் ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

"எனக்குத் தெரியும் விமலா. அவருக்குக் காது கேக்காது. காது கேக்காதவர வச்சு மியூசிக் கம்பெனி நடத்துறேன், பாரு என் தலையெழுத்த."

"காதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு சார்? அளக்கிறது கம்ப்யூட்டர்தானே?"

"ரெக்கார்டிங் அவர்தானே? ஏதோ ஒண்ணு பண்றார். நீதானே எழுதியிருக்க, ஆப்பரேட்டர்னு."

நான் எழுதியதுதான். என்னவென்று எழுதவில்லை, யார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன் என்பது அப்போது லேசாக உறைத்தது. ஆனால் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அறிக்கையோ பார்க்க அழகாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை முதலாளியை வரவழைத்து, கணினி எப்படி அளக்கிறது என்று காட்டி, தவறுக்குக் காரணமானவரை நீக்கிவிட்டோம் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவது மேலாளரின் திட்டம். கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்துவிட்டார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அண்ணனுக்கு வியாழக்கிழமையே விஷயம் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா, எம் மேல ரிப்போர்ட் எழுதினியாமே?"

"உங்க மேல எழுதலண்ணே. எண்களைப் பத்தி எழுதினேன்."

"அந்த எண்ணு எல்லாம் நாளைக்கு வீட்டுக்குப் போகுதா, நான் போறேனா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். ஐம்பதைத் தொடப்போகிற, ஒரு காது சரியாகக் கேட்காத மனிதரை வேறு எந்த நிறுவனமும் பாட்டுக்காக எடுத்துக்கொள்ளாது. அது எனக்குத் தெரியும். மறுநாளுக்குத் தேவையான டேப்புகளை எடுத்து வரிசைப்படுத்த ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். அளக்கும் அறையில் அவருக்கு நாற்காலி போட்டோம். மேலாளர் பக்கத்தில் நின்றார். அண்ணன் கதவோரம் கைகட்டி நின்றார். சரோஜாக்காவையும் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பின்னால் நின்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அறையில் அளக்கும்போது ஒலிபெருக்கியை அணைத்து வைப்பது வழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளரின் அறை. ஒரே பாட்டை நாலு தடவை கேட்க அவரால் முடியாது. ஆகவே எண்கள் திரையில் வரும், சத்தம் வராது. இருபத்து மூன்று படிகள் எழுதி, மூன்று நாள் ஆராய்ந்து, இரண்டு பக்க அறிக்கை கொடுத்த நான், அந்த டேப்புகளில் ஒன்றைக்கூடக் காதால் கேட்டதில்லை.

அன்று முதலாளி கேட்க வேண்டுமே என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். அண்ணனின் டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டேன். எல்லாரும் 'பீப்' சத்தத்தை எதிர்பார்த்தோம்.

ஆர்கன் முழங்கியது. ஐம்பது பேர் சேர்ந்து மாதா பாட்டுப் பாடினார்கள். அறையின் கண்ணாடி அதிர்ந்தது.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னம்மா இது? எங் கடை தீபாவளி டேப்புல மாதா பாட்டா?"

மேலாளரின் முகம் சிவந்தது. "ஆரோக்கியம்! என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க?"

அண்ணன் அசையவில்லை. "கடைக்குக் கேக்காது சார். பெட்டி மொதப் பாட்டுலேர்ந்துதான் ஓடும். புது டேப்புல மொத சத்தம் நல்ல சத்தமா இருக்கட்டும்னு போடுறது. அந்த பீப்பையா மொதல்ல போடுவாங்க? ஆஸ்பத்திரியில உசுரு போனா மெஷின் போடுற சத்தம் மாதிரி இருக்கு!"

"ஆபீஸ் டேப்புல உங்க இஷ்டத்துக்குக் கோயில் பாட்டு போடுவீங்களா?"

அப்போதுதான் பின்னாலிருந்து, யாரும் எதிர்பார்க்காமல், சரோஜாக்காவின் குரல் வந்தது. "என்னுதுல பிள்ளையார் பாட்டு சார்."

எல்லாரும் திரும்பினோம்.

"எந்த வேலையும் பிள்ளையாரக் கும்பிட்டுத்தானே ஆரம்பிக்கணும்? எட்டு வருஷமா போடுறேன். டோன் வந்தப்புறமும் அதுக்கு முன்னாடி போட்டுத்தான் வர்றேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அந்த நேரத்தில் திரையில் என் நிரல் அமைதியாக ஒரு வரி காட்டியது: அளவுகோல் பதிவாயிற்று. டோன் இன்னும் வரவே இல்லை. பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்தது.

டேப்பின் முதல் அரை நிமிடத்தில் எது வந்தாலும் அதுதான் டோன் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் யாராவது எதையாவது பதிவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பச்சைக் கோப்பில் ஒரு படி 'டோனைப் பதிக்கவும்' என்றுதான் இருந்தது. 'முதலில்' என்ற சொல் அதில் இல்லை. இருவரும் சொன்னதைச் செய்திருந்தார்கள். டோன் ஒவ்வொரு டேப்பிலும் பத்திரமாக இருந்தது, பாட்டுக்குப் பின்னால். என் நிரல் மாதா பாட்டை அளவுகோலாக வைத்துப் பார்த்தது. ஐம்பது பேர் பாடிய பாட்டுக்கு முன்னால் சினிமாப் பாட்டெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. ஆகவே பெட்டி அவற்றை உயர்த்தியது, கடை அலறியது. சரோஜாக்காவின் பிள்ளையார் பாட்டோ தம்புராவோடு மெதுவாகத் தொடங்குவது. அதன் முன்னால் எல்லாப் பாட்டும் பெரிதாகத் தெரிந்தது, பெட்டி தணித்தது, கடையில் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் கூட்டி வைத்தார்கள். மறுநாள் அண்ணனின் டேப் ஓடியபோது அது இரண்டு மடங்கு அலறியது. அண்ணனின் எண்கள் ஆடியதற்கும் காரணம் இருந்தது. அவர் நாளுக்கொரு மாதா பாட்டு போடுபவர். சரோஜாக்காவுக்கு ஒரே பிள்ளையார், ஒரே பாட்டு. பல பாட்டுத் தெரிந்தவர் மாட்டிக்கொண்டார்.

இவ்வளவும் எனக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்த பிறகு வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். மனத்துக்குள் ஒரு பட்டியல் ஓடியது. முதலாளி போன பிறகு மேலாளரிடம் தனியாகச் சொல்லலாம். அதற்குள் முதலாளியின் முன்னால் அண்ணனின் வேலை போயிருக்கும். இருவரும் விதியை மீறினார்கள் என்று சொல்லலாம். பாதி பேர் நம்புவார்கள், கோப்பைத் திறந்து பார்க்கும்வரை. இப்போதே சொல்லலாம், தப்பே வராது என்று விற்ற இயந்திரத்தில் தப்பு இருக்கிறது என்று, வாங்கியவரின் முன்னால், விற்றவரின் பக்கத்தில் நின்றுகொண்டு.

மேலாளர் பேச ஆரம்பித்துவிட்டார். "முதலாளி, இப்பப் புரியுதா? ஆளுங்க பண்ற வேலை. இன்னையோட..."

"சார், புரோகிராம் தப்பு" என்றேன்.

"விமலா, அப்புறம் பேசலாம்."

"அண்ணன் மேலயும் தப்பில்ல, அக்கா மேலயும் தப்பில்ல. நான் எழுதினதுதான் தப்பு. பத்து நிமிஷம் குடுங்க, காட்டுறேன்."

மாதா பாட்டைத் தாண்டி டேப்பை ஓட்டி, டோன் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அளக்கவிட்டேன். எண் ஐம்பத்தொன்று. சரோஜாக்காவின் டேப்பிலும் அப்படியே செய்தேன். ஐம்பத்தொன்று. அதே பாட்டு, இரண்டு டேப், ஒரே எண்.

அப்படியானால் அறுபத்து நான்கும் தவறு. அட்டவணையில் நான் அசையாத உண்மையாக வைத்திருந்த எண், அண்ணனின் எண்களைப் போலவே தவறு.

முதலாளி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். "ஏன் தம்பி, கம்ப்யூட்டருக்குத் தப்பே வராதுன்னீங்க?"

மேலாளர் சிரித்துச் சமாளித்தார். "கம்ப்யூட்டர் கரெக்ட்தான் முதலாளி. இந்தப் பொண்ணு எழுதினதுதான் தப்பு."

"அப்ப பொண்ணையே திருத்தச் சொல்லுங்க. அந்த ஐயாவ எதுக்கு நிக்க வச்சிருக்கீங்க?" என்றவர், எழுந்துபோகும்போது குரலைத் தாழ்த்திச் சரோஜாக்காவிடம் கேட்டார், "அந்தப் பிள்ளையார் பாட்டு என் டேப்புலயும் இருக்கா? இருக்கட்டும், எடுத்துடாதீங்க."

கையெழுத்தாகாத கடிதத்தை மேலாளர் கிழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோப்பில் போட்டார். ஆனால் இனிமேல் டேப்பில் டோனுக்கு முன்னால் எதுவும் பதியக்கூடாது என்று சுற்றறிக்கை எழுதச் சொன்னார். அதை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக நிரலை மாற்றினேன். இப்போது அது ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சத்தம் வரும்வரை காத்திருக்கும். அதற்கு முன்னால் மாதா வந்தாலும் பிள்ளையார் வந்தாலும் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும். மனிதர்களை மாற்றுவதைவிட அது சுலபம் என்பது ஒரு காரணம். அவர்கள் செய்ததில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்பது இன்னொன்று. இதைப் புரிந்துகொள்ளாமல் நிரலின் அந்த வரிகளைச் 'சுருக்கி' எழுதிவிடாதீர்கள்.

அன்று மாலை அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம்மா. இது நாளைக்குப் போற டேப்பு. உக்காந்து முழுசா கேளு. கேட்டுட்டு, நான் எங்க தப்பு பண்ணியிருக்கேன்னு எழுதிக் குடு."

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. காலை எட்டரைக்கு ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். மாதா பாட்டு, டோன், பிறகு இருபது பாட்டு. ஒரு பாட்டு முடியும் சுருதியிலேயே அடுத்தது தொடங்குவதைப் பல இடங்களில் கவனித்தேன். கடையில் சேலை எடுப்பவர்களுக்கு அது தெரியப்போவதில்லை. அவருக்குத் தெரியும்.

ஏழாவது பாட்டுக்கும் எட்டாவது பாட்டுக்கும் இடையில், இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கிய இடத்தில், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மறுபடி ஓட்டிக் கேட்டேன். இருந்தது. இடது பக்க ஒலிபெருக்கியில் மட்டும்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள்தான் அவருடைய வேலை தப்பியிருக்கிறது. அவர்மேல் இன்னொரு தாள் எழுதுவதா? 'ஒரு தவறும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பிறகு அவர் கேட்டது அதுவல்ல என்று தோன்றியது. எழுதினேன்: 'ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு டிக் சத்தம். இடது பக்கம். இரண்டு முறை கேட்டேன்.' இந்தத் தடவை கீழே கையெழுத்தும் போட்டேன்.

அவர் தாளை வாங்கிப் படித்தார். அந்த இடத்துக்கு டேப்பை ஓட்டி, தலையைச் சாய்த்து வலது காதை இடது பக்க ஒலிபெருக்கியின் மேல் வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"ஆமா. இருக்கு. இது என் தப்புதான்."

எட்டாவது பாட்டை அழித்து மறுபடி பதிவு செய்ய உட்கார்ந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் திரும்பாமலே. "அந்த நாற்காலியை இப்படிப் போட்டு உக்காரு. பாட்டு சேர்ற எடத்த நீயும் கேளு."